பேற்றுக்கால மயக்க மருந்தும் காவலும்: வேலூர் வட்டார வரலாறு காட்டும் உண்மை

முன்னுரை

தமிழில் ‘மருத்துவம்’ என்னும் சொல் பிணி தீர்க்கும் கலையைப் பொதுவாகக் குறித்தலோடு அமையாது, பிள்ளைப்பேறு பார்த்தலைச் சிறப்பாகவும் குறிக்கும். அகராதிகள் இவ்விரு பொருளையும் தருகின்றன. ‘மருத்துவச்சி’ என்பதோ, மருத்துவன் என்பதன் பெண்பாற் பெயராக இலக்கணம் கூறினும், வழக்கிற் பேறு பார்க்கும் பெண்ணுக்கே உரிய பெயராய் நின்றது. இதனால் ஓர் உண்மை பெறப்படும். பேற்றுக்காலத்தில் மருந்தினும் முதன்மை பெற்றது அருகிருந்து காக்கும் ஆள் என்பது நம்மவர் கருத்து. மருந்து இல்லாமலும் மருத்துவச்சி இருந்தாள். மருத்துவச்சி இல்லாத மருந்தைத் தமிழ்ச் சொல் வழக்கு எண்ணிப் பார்க்கவில்லை.

கடந்த இரு நூற்றாண்டுகளில் மேலை மருத்துவம் வழியாகப் பேற்று நோவைத் தணிக்கும் மயக்க மருந்துகளும், பேற்றை விரைவுபடுத்தும் மருந்துகளும் நம் நாட்டிற்கு வந்தன. அவை தீங்கின்றிப் பயன்பட்டமைக்கு மருந்தின் சிறப்புக் காரணமா, அதனைக் காத்து வழங்கிய ஆளின் சிறப்புக் காரணமா என்பதை வேலூர், ஆம்பூர் வட்டாரத்து வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்குப் புறம்பானதன்று என்பது இறுதிப் பகுதியில் விளங்கும்.

1. இலக்கியமும் புராணமும் காட்டும் காட்சி

திருச்சிராப்பள்ளியிற் கோயில் கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. பேற்று வேதனையுற்ற பெண் ஒருத்தியின் தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே தாயின் வடிவெடுத்து வந்து பேறு பார்த்தான் என்பது தலபுராணச் செய்தி. அப்பெண்ணுக்கு இறைவன் அற்புத மருந்தொன்றைக் கொடுத்தனுப்பவில்லை. தானே வந்தான், உடனிருந்தான், வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேருமளவும் காத்தான். மக்கள் உள்ளம் பேற்றுக்காலத்தில் வேண்டி நின்றது உடனிருப்பையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையான செய்தி பெரிய புராணத்திற் கோச்செங்கட் சோழர் வரலாற்றில் வருகின்றது. குழந்தை ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் மூவுலகும் ஆளும் என்று கணியர் கூறக் கேட்ட அரசி கமலவதி, தன்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்குமாறு பணித்தாள். குறித்த நாழிகையிற் குழந்தை சிவந்த கண்களோடு பிறந்தது. தாய் உடனே இறந்தாள். சேக்கிழார் இதனை அன்பின் வெற்றியாகவே பாடுகின்றார். எனினும் வரலாற்று நோக்கிற் காண்பார்க்குப் பிறிதொரு கருத்தும் புலனாகும். பேற்றின் காலத்தை மனிதர் தம் விருப்பிற்கேற்ப மாற்ற முற்படும்போது அதற்குரிய விலையைத் தாயோ சேயோ கொடுக்க நேர்கின்றது. காலத்தை நீட்டிக்கக் கயிறு பயன்பட்டது அன்று. காலத்தைக் குறுக்க ஊசி பயன்படுகின்றது இன்று. இதனைப் பின்னர்க் காண்போம்.

2. மருந்து முந்திற்று, காவல் பிந்திற்று

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்து அறுவை மருத்துவத்திற் பலர் காணப் பயன்படுத்தப்பட்டது. மூன்று திங்கள் கழிந்த சில நாளில், 1847 சனவரி 19இல், எடின்பரோவில் சேம்சு யங் சிம்சன் அதனைப் பேற்று நோவிற்குக் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் அவரே குளோரோபாரத்தின் ஆற்றலைக் கண்டறிந்து அதனையும் பேற்றிற் கையாண்டார்.

அடுத்த சனவரியிலேயே தீங்கு தலைகாட்டிற்று. 1848 சனவரி 28இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையில், கால்விரல் நகத்தை நீக்குதற்காகக் குளோரோபாரம் பெற்ற அன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி இரண்டொரு மணித்துளியில் உயிர்நீத்தாள். நகம் எடுப்பது உயிருக்கு இடர் தரும் செயலன்று; மருந்தே இடராயிற்று. ஆகவே மருந்தின் அளவும், கொடுக்கும் முறையும், கொடுப்போரின் கவனமும் ஆராய்ச்சிக்கு உரியவாயின. அவ்வாராய்ச்சியில் தலைசிறந்தவர் இலண்டன் மருத்துவர் சான் சுனோ ஆவர். அவர் 1853 ஏப்பிரல் 7இல் விக்டோரியா அரசியின் எட்டாம் பேற்றிற்குக் குளோரோபாரம் கொடுத்தார். கைக்குட்டையிற் சிறு சிறு அளவாகத் துளித்து, நோவு எழும்போது மட்டும் மணக்கச் செய்து, 53 மணித்துளி அவ்வாறு காத்தார். அரசி நினைவிழக்கவில்லை, நோவு மட்டும் தணிந்தது. இங்கே மருந்தினும் சிறந்து நின்றது அதனைத் துளித்த கையும், மூச்சையும் முகத்தையும் நோக்கிய கண்ணுமே.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றது. ஐதராபாத்து நிசாமின் பொருளுதவியால் எட்வர்டு லாரி என்பார் 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரண்டு குளோரோபார ஆய்வுக் குழுக்களை நடத்தினார். மூச்சு நிற்பதே முதல் இடர். ஆதலின் மூச்சையே நோக்குக என்பது அவர் முடிபு. 1911இல் குட்மன் லீவி என்பார், குறைந்த அளவிற் கொடுத்த குளோரோபாரமும் நெஞ்சின் துடிப்பைத் திடீரென நிலைகுலையச் செய்யக்கூடும் என்று மெய்ப்பித்தபின் அம்முடிபு முழுமையானதன்று என்பது தெளிவாயிற்று. மருந்து வந்து 64 ஆண்டுகளுக்குப் பின்னரே அது கொல்லும் வழியொன்று தெளிவாக அறியப்பட்டது என்பது கருதத்தக்கது.

3. வேலூர் வட்டாரத்தில் நிகழ்ந்தவை

பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் ஊர்கள் தோல் தொழிலாற் பெயர் பெற்றவை. தோல் பதனிடும் கூலியாளர் குடியிருப்புகளும், தோல் வாணிகத்திற் சிறந்த முசுலிம் குடும்பங்களின் மனைகளும் இங்கு அடுத்தடுத்து அமைந்தன. முன்னவர்க்கு மருத்துவம் எட்டாமைக்கு வறுமை காரணம். பின்னவர் மகளிர்க்கு எட்டாமைக்குக் கோசா என்னும் திரையொழுக்கம் காரணம். உயர்குல இந்துக்களிடையிலும் ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடுதல் இழிவாகக் கருதப்பட்டது.

அமெரிக்க ஆர்க்காட்டுச் சபையினர் 1866இலேயே இராணிப்பேட்டையில் மருத்துவமனை நிறுவினர். ஆகவே மருந்தும் மருத்துவரும் இந்நிலத்தில் இல்லாமலில்லை. எனினும் 1890ஆம் ஆண்டையொட்டித் திண்டிவனத்தில் நிகழ்ந்தது யாது? மருத்துவப் பணியாளராகிய சான் சுகடரின் மகள் ஐடா சுகடர், நோயுற்ற தாயைக் காண அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஓரிரவில் ஆடவர் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அவர் இல்லத்திற்கு வந்தனர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முசுலிம், ஒருவர் பிறிதொரு குல இந்து. மூவர் மனைவியரும் பேற்றில் வருந்திக்கொண்டிருந்தனர். ‘என் தந்தை மருத்துவர், அவர் வருவார்’ என்று ஐடா கூற, அம்மூவரும் ஆண் வருதலை ஏற்கவில்லை. பயிற்சியில்லாத ஐடா செல்லவும் இயலவில்லை. விடிந்தபின், மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி வந்தது.

அன்று குளோரோபாரம் பேற்றிற் பயன்படத் தொடங்கி 43 ஆண்டுகள் கழிந்திருந்தன. சென்னையில் 1844 முதலே மகப்பேற்று மருத்துவமனை இருந்தது. கோசா மகளிர்க்கெனத் தனி மருத்துவமனையும் 1885இல் அந்நகரில் தோன்றிவிட்டது. மருத்துவர் ஒருவர் அம்மூன்று வீடுகளுக்கும் எட்டும் தொலைவிலேயே இருந்தார். இல்லாதிருந்தது ஒன்றே: அவ்வீடுகளின் வாயிலைக் கடந்து உள்ளே செல்லக்கூடிய, பயிற்சி பெற்ற பெண். அம்மூவர் சாவிற்கும் மருந்தின்மை காரணமன்று; மருத்துவச்சியின்மையே காரணம் எனல் பொருந்தும்.

1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா, 1899இல் நியூயார்க்கு நகரின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் வேலூரில் ஒரு படுக்கையோடு பணி தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் செல் மருத்துவமனை எழுந்தது. ஆயின் கட்டடம் பெருகப் பெருக ஒரு குறை பெரிதாயிற்று. அறுவை செய்வோர் ஒருவர். மயக்க மருந்து கொடுப்போர் பிறிதொருவர் வேண்டும். அறுவையில் ஈடுபட்ட கை, மூச்சை நோக்கும் கண்ணாகவும் இருத்தல் அரிது. இக்குறை ஒரு மருத்துவரால் தீராது. பலரைப் பயிற்றினாலன்றித் தீராது. 1909இல் செவிலியர் பள்ளி தோன்றியதையும், 1918இல் மகளிர்க்கென மருத்துவப் பள்ளி தோன்றியதையும் இந்நோக்கிற் காணல் வேண்டும். 1922இல் அப்பள்ளியின் முதல் வகுப்பினர் 14 பெண்கள் பட்டயம் பெற்று வெளிவந்தனர். 1942இல் அது பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. 1946இல் செவிலியர்க்கும் பட்டப் படிப்பு ஏற்பட்டது.

இக்காலத்தில் மருத்துவம் ஊர்களை நாடியும் சென்றது. 1909 முதல் ஐடா குடியாத்தம் சாலை வழியே வண்டியிற் சென்று, மரநிழல்களில் நோயாளிகளைக் கண்டார். ஆம்பூரில் உலுத்தரன் சபையினரின் பெதசுதா மருத்துவமனை 1920களில் நிலைபெற்றது. திண்டிவனத்தில் மூடியிருந்த வாயில்கள் இவ்வட்டாரத்திற் சிறிது சிறிதாகத் திறந்தமைக்குப் புதிய மருந்து காரணமன்று. உள்ளே செல்லத்தக்க பெண்கள் ஆண்டுதோறும் பயின்று வெளிவந்தமையே காரணம்.

4. இரண்டாம் உயிர்

பேற்றுக்கால மருந்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பிற நோயாளர்க்குக் கொடுக்கும் மருந்து ஓருயிரைச் சாரும். இது ஈருயிரைச் சாரும். தாய்க்குக் கொடுத்த குளோரோபாரம் நச்சுக்கொடி வழியே சேயின் குருதியையும் அடைகின்றது என்பதை மருத்துவர் பால் சுவைபல் 1870களில் மெய்ப்பித்தார். சேயை மறந்து தாயை மட்டும் நோக்கிய காலம் அத்துடன் முடிந்திருத்தல் வேண்டும்; முடியவில்லை. 1906இல் செருமனியின் பிரைபர்க்கு நகரில், மார்பினும் சுகோபலமினும் கலந்து கொடுத்து நோவின் நினைவையே அகற்றும் முறை பரவிற்று. தாயர் அதனை விரும்பினர். பிறந்த குழவிகளோ சோர்ந்து, மூச்செடுக்கத் தயங்கின.

பிறந்த ஒரு மணித்துளியிற் குழவியின் நிறம், நாடி, துலங்கல், தசைத் திண்மை, மூச்சு ஆகிய ஐந்தனையும் நோக்கி மதிப்பெண் இடும் முறையை 1953இல் வெளியிட்டவர் வர்சினியா ஆப்கார். அவர் மயக்க மருந்து மருத்துவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தாய்க்கு மருந்து கொடுத்தவரே சேயைத் திரும்பி நோக்கினார்; நோக்கியதை எண்ணாக்கினார். அவ்வளவே அவர் செய்தது. எனினும் அந்நோக்கு உலகெங்கும் பேற்றறைகளின் வழக்கமாயிற்று.

1946இல் கர்ட்டிசு மெண்டெல்சன், நியூயார்க்குப் பேற்று மருத்துவமனையில் 1932 முதல் 1945 வரை நிகழ்ந்த 44,016 பேறுகளை ஆராய்ந்தார். மயக்கநிலையில் இரைப்பையிலுள்ளவை எதிரெடுத்து நுரையீரலுட் சென்றமை 66 பேரிடம் காணப்பட்டது, இருவர் இறந்தனர். அவ்விருவரும் திண்ணுணவால் மூச்சடைத்து இறந்தவர். இதன்பின்னரே வெறுவயிறு என்பது கண்டிப்பான விதியாயிற்று. திட்டமிட்ட அறுவைக்கு முன் ஆறு மணி நேரம் திண்ணுணவும், இரண்டு மணி நேரம் தண்ணீரும் தவிர்த்தல் இக்கால வழக்கு. தாய் முழு நினைவோடிருக்க, முதுகந்தண்டில் ஊசியிட்டு இடுப்பின்கீழ் உணர்வை மட்டும் மரக்கச் செய்யும் முறை வயிறு கீறி எடுக்கும் பேற்றில் இன்று பெருவழக்காயிருப்பதற்கு இவ்விடரைக் குறைத்தலும் ஒரு காரணம்.

பேற்றை விரைவுபடுத்தும் ஆக்சிடோசின் என்பதை 1953இல் செயற்கையாக ஆக்கியவர் வின்சென்ட் டு வின்யோ. அவர் பணியாற்றியதும் ஐடா பயின்ற கார்னெல் மருத்துவக் கல்லூரியே. இம்மருந்து குழந்தை பிறந்தபின் 10 அலகு ஊசியாகக் கொடுக்கப்படின் குருதிப்பெருக்கைத் தடுத்துத் தாயைக் காக்கும். பிறக்குமுன், அளவும் காவலுமின்றி ஊசியாக ஏற்றப்படின், கருப்பை ஓய்வின்றி இறுகிச் சேய்க்கு உயிர்வளி குறையும்; கருப்பை கிழியவும் கூடும். ஒரே மருந்து ஒரு நாழிகை முன்னதாக நஞ்சு, பின்னதாக அமுது. கமலவதியின் வரலாறு இங்கு நினைவிற்கு வருதல் இயல்பே. மேலும் இம்மருந்தைப் பெரும்பாலும் 2 முதல் 8 பாகை வெப்பத்திற் காத்தல் வேண்டும். கோடையில் 40 பாகையைக் கடக்கும் வேலூர் நிலத்தில், குளிர்பெட்டியைக் காப்பவரும் தாயைக் காப்பவருள் ஒருவர் ஆகின்றார்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஊர்ப்புற மருத்துவமனைகள் பலவற்றில் மருந்தும் கருவியும் இருந்தும், மயக்க மருந்து கொடுப்போர் இன்மையால் அறுவைப் பேறு இயலாது போயிற்று. அதனால் பொது மருத்துவர்க்கு 18 வாரம் மயக்கவியற் பயிற்சி அளிக்கும் திட்டத்தை அரசு வகுத்தது. 1890இன் குறையும் இதுவும் ஒன்றே என்பது வெளிப்படை.

5. சொல்லும் ஒரு காவல்

காவல் என்பது கண்ணாலும் கையாலும் மட்டும் அமைவதன்று, சொல்லாலும் அமைவது. தமிழாராய்ச்சியாளர்க்கு உரிய பகுதி இதுவே.

யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய சாமுவேல் பிசுக்கு கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். மான்சல் என்பாரது மகப்பேற்று நூல் அவர் முயற்சியால் 1857இலேயே தமிழாயிற்று. ஐடாவின் பாட்டனார் சான் சுகடரும் முன்னர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிற் பணி செய்தவரே. ஒரே மரபிற் கிளைத்த இரு முயற்சிகளுள் கிரீனிடம் மொழி இருந்தது; ஆயின் அவர் பயிற்றிய மாணவர் ஆடவர். வேலூரிற் பெண்கள் பயின்றனர்; ஆயின் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. பெண்ணும் தமிழும் ஒருங்கு கூடும் வாய்ப்பு மருத்துவக் கல்வியில் வாய்க்காமற் போயிற்று. கிரீன் 1873இல் தாயகம் திரும்பியபின் அவர் முயற்சி தொடர்ந்து வளரவில்லை.

இதன் விளைவு இன்றைய பேற்றறையிற் காணத்தக்கது. ‘மயக்கம் கொடுப்போம்’ என்று மருத்துவர் கூறுகின்றார். மயக்கம் என்னும் சொல் இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், உருபு மயக்கம் எனக் கலத்தலைக் குறிக்கும். வழக்கில் நினைவிழத்தலைக் குறிக்கும். முதுகில் ஊசியிட்டு உணர்வை மரக்கச் செய்யும் முறையில் நினைவு இழப்பதேயில்லை. நினைவிழப்பை எதிர்பார்த்த தாய், அறுவை அறையிற் பேச்சுக் கேட்பதையும் வயிற்றில் தொடுதல் புலப்படுவதையும் கண்டு, மருந்து பலிக்கவில்லை என்று அஞ்சுவாள். முன்னதை ‘மயக்கம்’ என்றும் பின்னதை ‘மரப்பு’ என்றும் பிரித்து வழங்கின் இவ்வச்சம் பெரிதும் நீங்கும். ‘கை மரத்துப் போயிற்று’ என்று நாள்தோறும் பேசும் மக்களுக்கு மரப்பு என்பது புதுச் சொல்லன்று.

‘சாப்பிடாமல் வாருங்கள்’ என்னும் கட்டளையும் இத்தகையதே. தமிழ் வழக்கிற் சாப்பாடு என்பது பெரும்பாலும் சோற்றையே சுட்டும். இரண்டு இட்டிலியும் ஒரு குவளைப் பாலும் ‘பலகாரம்’ ஆகுமேயன்றிச் சாப்பாடு ஆகா. ஆகவே ‘சாப்பிட்டீர்களா?’ என்ற வினாவிற்கு ‘இல்லை’ என்று விடை கூறும் தாய் பொய் கூறினாளல்லள். அவள் மொழியில் அது மெய்யே. ஆனால் மெண்டெல்சன் கண்ட இடர் சோற்றையும் இட்டிலியையும் வேறுபடுத்துவதில்லை. ‘கடைசியாக வாயில் எதனைப் போட்டீர்கள், எப்போது?’ என்று வினவுதலே காவலாகும்.

‘மருந்து ஏதேனும் உண்கின்றீர்களா?’ என்பதும் அவ்வாறே. கசாயமும் இலேகியமும் பலர்க்கு மருந்தென்று தோன்றா. அவை கைமருந்து, வீட்டுப் பொருள். கடையில் வாங்கும் வலி மாத்திரையும், மருத்துவர் எழுதிக் கொடாமையின், மருந்தெனக் கணக்கிற்கு வாராது. கருவுற்று 20 வாரம் கடந்தபின் ஐபுபுரோபன் வகை வலி மாத்திரைகள் சேயின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் வேலை செய்யும் கருவுற்ற பெண்ணுக்கு இடுப்பு நோவும் உண்டு. அருகே மருந்துக் கடையும் உண்டு. மாத்திரை உறையின் எழுத்தோ பெரும்பாலும் ஆங்கிலம். அன்றியும் இவ்வட்டாரத்தில் உருதும் தெலுங்கும் வீட்டுமொழியாகக் கொண்டோர் பலர். அவர்க்குத் தமிழ்ச் சொல்லும் போதாது. அவரவர் வீட்டுச் சொல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, பேற்றுக்கால மயக்க மருந்தின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று, காவலரின் வரலாறுமாகும். இரண்டாவது, வேலூர் வட்டாரத்தில் அக்காவல் மகளிர் கல்வி வழியாகவே வந்தது. 1902இன் கட்டடத்தினும் 1909, 1918ஆம் ஆண்டுகளின் பள்ளிகளே நிலைத்த பயன் தந்தன. மூன்றாவது, அக்காவலின் ஒரு பகுதி சொல்லாக இருக்கின்றது. அப்பகுதி இன்னும் நிறைவுறவில்லை.

கலைச்சொல் ஆக்குவோர் பெரும்பாலும் நூலையும் வகுப்பறையையும் கருதியே சொல் ஆக்குகின்றனர். பேற்றறையில், நோவின் நடுவில், ஒரு முறை கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டிய சொற்கள் சிலவே. அவற்றைத் தாயரின் வாய்மொழியிலிருந்தே திரட்டி, மருத்துவரோடு கலந்து ஆராய்ந்து வரையறுத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். திண்டிவனத்து மூன்று வீடுகளில் வாயில் மூடியிருந்தது. இன்று வாயில் திறந்துள்ளது. உள்ளே வினவப்படும் வினா விளங்காதாயின், அத்திறப்பின் பயன் பாதியே ஆகும்.